அப்பச்சி இருக்கையிலேயே எழுதுவோம்: நகரத்தார் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் உள்ள நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், நகரக் கோயில் காரியக்காரர்களுக்கும், வெளியூர்களில் நகர விடுதி நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் செட்டியார் காலமான பிறகு, கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாக எழுதும் ஊர் ஏட்டில் நான் அரைப்புள்ளி. வேலையில் இருந்த காலத்தில் என் மேசைக்கு அதிகம் வந்தவை இறந்தவர்களின் கணக்குகள்தான். துக்கம் ஆறாத முகத்தோடு வரும் ஆச்சிமாரிடம் "வாரிசுச் சான்று வேணும், பங்குள்ளவுக எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லும் வேலை எனக்கு. அதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கவும் பொங்கல் வைக்கவும் வெளியூர்ப் புள்ளிகள் ஊருக்கு வருகிற நாட்களில், ஒரு நாள் சங்கக் கட்டடத்தை இதற்கென்றே திறந்து வையுங்கள். விவரமான வக்கீல் ஒருவர், பத்திரம் எழுதுகிறவர் ஒருவர், டாக்டர் ஒருவர் உட்காரட்டும். குடும்பம் குடும்பமாக வந்து உயில், பவர் என்கிற அதிகாரப் பத்திரம், நாமினி, வீட்டுப் பங்கு ஆகியவற்றைப் பெரியவர்கள் இருக்கும்போதே பேசி எழுதட்டும். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம், ஜாதகப் பரிவர்த்தனை நடத்துகிறோம். இதையும் நடத்தலாம்.

இதை ஏன் சங்கம் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். வங்கிக்காரர் சொன்னால் டெபாசிட் பிடிக்க வந்ததாக நினைப்பார்கள். வக்கீல் சொன்னால் பீஸுக்கு என்பார்கள். அப்பச்சியிடம், அதாவது தகப்பனாரிடம், மகன் சொன்னால் கேட்கவே வேண்டாம், "அப்பச்சி நல்லாத்தானே இருக்காக, அதுக்குள்ள சொத்துக்கு அவசரமா?" என்று வீடே திரும்பிப் பார்க்கும். மருமகள் வாயைத் திறக்க முடியாது. சங்கத்திலிருந்து எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே மாதிரி ஓலை போனால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. "சங்கத்துல சொல்லியிருக்காக" என்ற ஒரு வாக்கியத்துக்கு நம் வீடுகளில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

இத்தனைக்கும் நம்மைப் போல எழுதி வைத்துப் பழகிய கூட்டம் குறைவு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன காலத்தில் முதலாளி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார், கடையை நடத்தும் மேலாள் ரங்கூனில் இருப்பார். முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தின் மேல்தான் அங்கே கடையே நடந்தது. மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஆள் மாறும்போது ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு எடுத்து ஒப்படைக்காமல் யாரும் கப்பல் ஏறியதில்லை. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஏடு எழுதுகிறோம். மொய்ப்பண ஏடு எழுதுகிறோம். பெண்ணுக்கு வைக்கிற சாமானில் வெள்ளிச் சங்கு முதல் இரும்புச் சட்டி வரை பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் ஒரு கரண்டி குறைந்தால் இருபது வருஷம் கழித்தும் ஞாபகமாகக் கேட்பார்கள். அதே வீட்டில் அப்பச்சிக்கு எத்தனை வங்கியில் கணக்கு, இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தின் மூலம் யாரிடம் என்று கேட்டால் மூத்த மகனும் விழிப்பார்.

உயில் இல்லாவிட்டால் என்ன, எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் இடிக்கிறது.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் சென்னையில் தன் சம்பாத்தியத்தில் ஒரு பிளாட் வாங்குகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள். ஊரில் வயதான ஆத்தா. நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போய்விடுகிறார், உயில் இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், அப்புறம் அவரைப் பெற்ற தாயார். தகப்பனார் அந்த வகுப்பில் வர மாட்டார், தாயார் வருவார். நான்கு பேருக்கும் சமமாகக் கால் பங்கு. சரி, ஆத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் மேல் உயிர், அவர் என்ன கேட்கப்போகிறார் என்று பிளாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாலு வருஷத்தில் ஆத்தாவும் உயில் இல்லாமல் காலமாகிறார். இப்போது அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் பிரியும். இன்னும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தால், ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு. இறந்த மகனின் பங்கு மட்டும் அவர் குழந்தைகளுக்கு வரும். ஆக, கணவர் கடன் வாங்கி வாங்கிய வீட்டில் கொழுந்தனாரும் நாத்தனாரும் சேர்ந்து பதினாறில் மூன்று பங்குக்காரர்கள். அந்தப் பெண் வீட்டை விற்றுப் பிள்ளையின் படிப்புக்குக் கட்ட வேண்டும் என்றால் அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனாரின் கையெழுத்து வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம். கையெழுத்து வேண்டும் என்பது வேண்டும்தான்.

ஒரு பக்க உயில் இதைத் தடுத்திருக்கும். முத்திரைத்தாள்கூட வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும்.

அடுத்தது நம் ஊர் வீடு. முகப்பு, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகிற வீடு. வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை. பட்டா இன்னும் கட்டிய ஐயாவின் பெயரிலேயே இருக்கும். அவருக்கு நாலு மகன்கள் என்றால், இன்று மூன்று தலைமுறை கழித்து எத்தனை பங்கு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலர் சிங்கப்பூரில், சிலர் கலிபோர்னியாவில், சிலர் எங்கே என்றே தெரியாது. ஒரு பங்காளி ஓடு மாற்றலாம் என்பார், இன்னொருவர் பணம் தர மாட்டார். மூன்றாமவர் நிலையையும் தூணையும் பிரித்து விற்றுப் பங்கு போடலாம் என்பார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் தேக்கு நிலைகளில் பல இப்படிப்பட்ட பேச்சுக்குப் பிறகு வந்தவைதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பட்டியலில் ஏறின வீட்டுக்கும் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே.

பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பாகத்தை வெளியாளுக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியவர் வளவுக்குள் வந்து குடியேறிவிட முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். ஆனால் அது கோர்ட்டு வாசலில் நடக்கிற காரியம். அதற்குள் ஒரு மழைக்காலத்தில் மேல்மாடி இறங்கிவிடும். வீட்டைப் பொதுவில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பங்காளிகள் இருக்கிற தலைமுறையிலேயே ஒரு டிரஸ்ட்டோ, பதிவு செய்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமோ எழுதிவிட வேண்டும். பராமரிப்புக்கு யார் எவ்வளவு, கல்யாணம் காட்சிக்கு யார் எப்போது, விலகுகிறவருக்கு என்ன கணக்கு என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

பெண்களின் பங்கைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. "சீரெல்லாம் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்ற வாதம் சங்கக் கூட்டங்களிலேயே கேட்கிறது. சட்டம் அதை ஏற்பதில்லை. தமிழ்நாடு 1989-இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது, அப்போது கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகியோ கோர்ட்டுத் தீர்ப்பிலோ முடிந்த பாகப்பிரிவினைகளைத்தான் அது தொடாது. பூர்வீகச் சொத்தில் தகப்பனார் உயிலில் எழுதக்கூடியது தன் பாகத்தை மட்டும்.

இதில் பொறுப்பாளர்களிடம் ஒரு வருத்தம் உண்டு, நேராகவே சொல்கிறேன். கருமாதி முடிந்த கையோடு, பெரியவர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து, அழுது வீங்கிய கண்ணோடு இருக்கிற பெண்மக்களிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. குடும்பம் உடையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் படிக்காமல் போட்ட கையெழுத்துத்தான் பத்து வருஷம் கழித்துச் சிவகங்கையிலும் தேவகோட்டையிலும் வழக்காக நிற்கிறது. மகளுக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு என்று தகப்பனார் தன் வாயால் சொல்லி, தன் கையால் எழுதட்டும். மகள் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தகப்பனார் முகத்துக்கு நேரே, தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும். துக்க வீட்டுக்குப் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிப்போவதைச் சங்கம் நிறுத்த வேண்டும்.

ஆச்சிமாரே உயில் எழுத வேண்டும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். "எங்கிட்ட என்ன இருக்கு?" என்பார்கள். கழுத்திரு என்கிற தாலி நகை இருக்கிறது, வைரம் இருக்கிறது, பெயரில் டெபாசிட் இருக்கிறது, ஆத்தா வீட்டில் கொடுத்த நிலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பர்மாக் கடைகளிலேயே ஆச்சிமார் பணம் என்று தனிக் கணக்கு வைத்து வட்டி கட்டியவர்கள் நாம். இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பிள்ளையும் இல்லை, கணவரும் இல்லை என்றால் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததுகூடக் கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். பெற்ற தாய் தகப்பனார் அதற்குப் பின்னால்தான். தாய் தகப்பனாரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாவிட்டால், தகப்பனார் வழிக்குத் திரும்பும். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் கணவரை இழந்து, அப்புறம் முப்பது வருஷம் டீச்சராக வேலை பார்த்துச் சேர்த்த பெண்ணின் பணம், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காத கொழுந்தனார் மகனுக்குப் போவதைச் சட்டம் தடுக்காது. அவளுடைய உயில் தடுக்கும்.

இனி பவர். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியும் தவறாகவே புரிந்து வைத்திருப்பது இதைத்தான். "அப்பச்சி எம்பேருல பவர் குடுத்திருக்காக, பிரச்சினை இல்லை" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிஷம் பவரும் முடிந்தது. காலை ஏழு மணிக்கு உயிர் பிரிந்தால் பத்து மணிக்கு வங்கிக்கு வந்து பணம் எடுக்க அந்தப் பத்திரம் செல்லாது. சரி, இறப்பு போகட்டும். அதைவிடப் பலருக்குத் தெரியாதது இன்னொன்று: எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனாலும் பவர் போய்விடும். அப்பச்சிக்கு மறதி நோய் வரும், பக்கவாதம் வரும், அப்போது உதவட்டும் என்றுதானே பவர் வாங்குகிறோம்? அந்த நேரத்தில்தான் அது கைவிடும். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே நினைவு தப்பின பிறகு நடைமுறைக்கு வருகிற மாதிரியே ஒரு நிரந்தரப் பவர் எழுதி, அரசு அலுவலகத்தில் பதிந்து வைக்க முடியும். அங்கே இருக்கிற பிள்ளைகள் இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி ஏமாந்து போகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பத்திரம் இதுவரை கிடையாது.

நினைவு தப்பிப் படுத்துவிட்டவருக்காக உயர்நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்குவது ஒரு வழி. கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, அவர் சொத்தைக் கையாள அனுமதி கொடுத்தது 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு காலும் கோர்ட்டுக்கு ஒரு காலுமாக அந்தப் பெண் அலைய வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். அதற்குப் போகாமல் இருக்க, தெளிவாக இருக்கும்போதே சில காரியங்கள் செய்யலாம். செலவுக்கு வேண்டிய பணத்தைக் கணவன் மனைவியோ, அப்பச்சியும் ஒரு பிள்ளையுமோ சேர்ந்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கில் வைப்பது முதல் காரியம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கிற வீடு என்றால் 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் இருக்கிற குழு வழியாகக் காப்பாளர் நியமனம் வாங்கி வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம், கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாதவரின் கணக்கில் பணம் எடுக்கவே முடியாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கைரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைத்து, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகளோடு பணம் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. பல கிளைகளில் கேட்டால்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பவருக்கும் சடங்குகள் உண்டு. அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். நிலம் விற்கும்போது எழுதிக் கொடுத்தவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று டாக்டர் சான்றும் பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். பவரைக் காட்டி வீட்டை விற்றால் வாங்கியவருக்குச் சொத்துரிமை வந்துவிடாது, கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னதையும் வாங்குகிற பக்கத்தில் இருப்பவர்கள் மறக்க வேண்டாம். எல்லா அதிகாரமும் கொடுக்கிற பொதுப் பவரை விட, இந்தக் காரியத்துக்கு மட்டும் என்று எழுதுகிற தனிப் பவர் நல்லது. பங்காளிக்குள் சண்டை வந்த வீடுகளில் பெரும்பாலும் பொதுப் பவர்தான் ஆரம்பம்.

நாமினி விஷயம் சுருக்கமாக. நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிற ஆள், சொந்தக்காரர் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கும் அப்படித்தான், பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்ஷூரன்ஸில் மட்டும், கணவன் மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பனாரை நாமினியாகப் போட்டிருந்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கே உரிமை. உயிலில் ஒருவர் பெயர், நாமினியில் இன்னொருவர் பெயர் என்று வைத்துவிட்டுப் போவதைப் போல ஒரு குடும்பத்துக்கு வேறு கெடுதல் செய்ய முடியாது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நாலு நாமினி வரை போடலாம், யாருக்கு எவ்வளவு என்றும் பிரிக்கலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர். லாக்கர் என்றதும் ஒன்று: தன் பெயரில் மட்டும் இருக்கிற லாக்கருக்குள்ளேயே உயிலைப் பூட்டி வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லாக்கரைத் திறக்க யார் வாரிசு என்று கேட்பார்கள், வாரிசு யார் என்று எழுதிய தாள் உள்ளே இருக்கும்.

பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. அது அழிவதில்லை, வாரிசுகள் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று பெயரைப் போட்டுத் தேட 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. நம் ஐயாக்களின் பெயர்களை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அதில் தேடிப் பாருங்கள். ஏழு வருஷம் டிவிடெண்டு வாங்காத பழைய பங்குகளும் அரசு நிதிக்குப் போயிருக்கும். அவற்றையும் கேட்டு வாங்க வழி உண்டு.

சிங்கப்பூர்ப் புள்ளிகளுக்கு ஒன்று. உங்கள் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம் உயிலில் எழுதினாலும் உயில்படி போகாது, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். வெளிநாட்டிலேயே எழுதும் உயில் செல்லும்தான். ஆனாலும் இந்தியச் சொத்துக்கு இங்கே தனி உயில் எழுதுவது எளிது. அப்போது ஒரு வரியில் கவனம் வேண்டும். "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று வக்கீல்கள் வழக்கமாகச் சேர்ப்பார்கள். காரைக்குடியில் அந்த வரியோடு எழுதிய உயில், சிங்கப்பூரில் எழுதியதையும் சேர்த்து ரத்து செய்துவிடும்.

எல்லாவற்றையும் இப்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கிளம்புகிற அப்பச்சிமாரும் உண்டு. இதை நான் ஆதரிக்க மாட்டேன். உயிலை நாளைக்கே மாற்றலாம், செட்டில்மெண்டை அப்படி மாற்ற முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை அனுபவ உரிமை எனக்கும் என் மனைவிக்கும், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கிறேன் என்று இரண்டையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை இருந்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை இல்லாமல் எழுதிவிட்டுப் பின்னால் போய் நின்றால் கஷ்டம்.

உயில் எழுதும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எழுதுகிறவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, இவ்வளவுதான் சட்டம் கேட்பது. சொத்தில் பங்கு பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும், ஏனென்றால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டர் ஒருவரின் சான்று சேர்த்து வைப்பது நல்லது. பட்டியலில் விட்டுப்போனது எதுவானாலும் இன்னாருக்கு என்று கடைசியில் ஒரு வரி கட்டாயம். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் செய்யுங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிந்த உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவருக்கு நகல் கொடுக்க மாட்டார்கள், வில்லங்கச் சான்றிலும் வராது. "மக பார்த்துருவாளோ, மருமக பார்த்துருவாளோ" என்ற பயமே வேண்டாம். பதியவும் மனமில்லை என்றால் உறையில் போட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.

வைத்தியத்துக்கும் ஒரு தாள் உண்டு. தேறும் வாய்ப்பே இல்லாத நிலையில் என்னைக் குழாய்களில் கட்டி வைக்க வேண்டாம், முடிவெடுக்கிற பொறுப்பு இன்னாருக்கு என்று முன்கூட்டியே எழுதலாம் என 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சியும் நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி ஒப்பமும் போதும் என்றது. இது அவரவர் மனசு, வற்புறுத்த மாட்டேன். ஆனால் பிள்ளைகள் ஐசியு வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் இந்தத் தாள் இருந்தால் பாரம் குறையும்.

இப்போது சங்கம் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும். உயில்களைச் சங்கத்தில் வாங்கி வைக்காதீர்கள், யார் யாருக்கு என்ன எழுதினார் என்று கேட்கவும் வேண்டாம். அந்தப் பொறுப்பு வந்தால் அடுத்த தேர்தலிலேயே கட்சி சேர்ந்துவிடும். புதுக் கல்யாணமான புள்ளியை ஏட்டில் சேர்க்கும்போது, புள்ளி வரி ரசீதோடு ஒரு படிவம் கொடுங்கள். வங்கிக் கணக்குகள், பாலிசிகள், கடன்கள், பத்திரங்கள் இருக்கும் இடம், நாமினி பெயர், ஊர் வீட்டில் எத்தனையில் ஒரு பங்கு என்று அவர்களே எழுதி, வீட்டிலேயே வைத்துக்கொள்கிற படிவம். வருஷத்துக்கு ஒரு தரம், இழை எடுக்கிற அன்றைக்கு, திருத்தட்டும். இன்னொன்று, ஒவ்வொரு வளவு வீட்டுக்கும் இன்றைய பங்குக்காரர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு ஏடு சங்கத்தில் இருக்கட்டும். இது சொத்துக் கணக்கு ஆகாது, முகவரிக் கணக்குத்தான். நாளைக்குக் கையெழுத்து வாங்க ஆளைத் தேடும்போது அதன் அருமை தெரியும். கூட்டத்துக்கு வரும் வக்கீல் ஊர்ப் பங்காளி வழக்கு எதிலும் ஆஜராகாதவராக இருக்கட்டும். ஆச்சிமார் தனியாக உட்கார்ந்து கேட்க ஒரு அறை ஒதுக்குங்கள், ஆண்கள் எதிரில் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

படிவத்தை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், வேண்டிய ஊர்கள் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். தேதி குறித்தால் நானும் வந்து ஒரு மேசையில் உட்காருகிறேன், வங்கி சம்பந்தப்பட்டதை என்னிடம் கேட்கலாம். வருகிறவர்கள் ஆதார், பாஸ்புக், பட்டா நகல், வீட்டுப் பத்திரத்தின் நகல் கொண்டுவந்தால் போதும், மூலத்தைப் பையில் போட்டு எடுத்துவர வேண்டாம். சாட்சிக்கு வெளியே தேட வேண்டியதில்லை, அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும். முதல் படிவத்தைப் பொறுப்பாளர்களே பூர்த்தி செய்து தொடங்கி வைத்தால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டில் ஓர் அரைப்புள்ளி